பரந்தனிலிருந்து பாங்கொக்: கண்காட்சி வேலைக்கிடையில் ஊர் பார்ப்பது

தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். பரந்தனில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைத்துப் பக்கெட் போடும் ஒரு மில்லில் வேலை செய்கிறார். ஜூன் மாதம் பாங்கொக்கில் நடக்கும் பொதியிடல் மெஷின் கண்காட்சிக்கு முதலாளி அனுப்புகிறார். இடம் பங்னாவில் உள்ள பைடெக் மண்டபம், புதன் தொடக்கம் சனி வரை. வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. வேலையும் கெடக்கூடாது, ஊரும் பார்க்கவேண்டும், எங்கெங்கே போகலாம் என்று கேட்கிறார்.

எங்கே போவது என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் தம்பி. முதலில் டிக்கெட். கண்காட்சி சனி முடிகிறது என்றால், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் சனி இரவுக்கோ ஞாயிறு விடியவோ திரும்பும் டிக்கெட்டைத்தான் எடுப்பார்கள். எடுத்த பிறகு நாளை மாற்றினால் தண்டம் கட்டவேண்டும். எடுப்பதற்கு முதல் கேட்டால் பெரும்பாலும் அதே விலைதான், சில வேளை குறைவாகவும் வரும். ஆகவே இந்தக் கிழமையே முதலாளியிடம் நேராகச் சொல்லுங்கள்: "ஞாயிறு ஒரு நாள் நிற்கிறேன், அந்த இரவு ஹோட்டல் காசும் சாப்பாடும் என்னுடையது." பற்றுச்சீட்டுகளையும் அன்றிலிருந்து தனியாக வையுங்கள். கேட்காமல் நின்றுவிட்டு வந்து கணக்குக் காட்டும்போதுதான் மனக்கசப்பு வரும். பயணக் காப்புறுதி எடுக்கிறார்கள் என்றால், அந்த மேலதிக நாளும் அதில் வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது ஹோட்டல். பாங்கொக் நீட்டுக்கும் அகலத்துக்கும் பரந்த ஊர். மாலை ஐந்து மணி நெரிசலில் காருக்குள் இருந்தால் அன்றைய மாலை அதோடு சரி. உங்களுக்கு அதிர்ஷ்டம், பைடெக் மண்டபம் பி.டி.எஸ் என்கிற மேம்பால ரயிலின் பங்னா நிலையத்தோடு நடைபாலத்தால் இணைந்திருக்கிறது. அதே சுகும்வித் பாதையில், ஓன் நுட் நிலையத்துக்குக் கிட்ட ஹோட்டல் தேடுங்கள். நடு நகரத்தைவிட மலிவு. காலையில் ஏறினால் நேரே மண்டபம், மாலையில் மறுபக்கம் ஏறினால் நேரே நகரம். ஆற்றங்கரையில் வடிவான ஹோட்டல் படங்கள் கனக்க வரும், மயங்கவேண்டாம். அது விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு.

அடுத்தது, எந்த இடம் எத்தனை மணிக்குப் பூட்டும் என்று பார்ப்பது. கண்காட்சி மாலை ஐந்து, ஆறு மணிக்குத்தான் முடியும். எல்லோரும் பார்க்கப் போகிற பழைய அரச அரண்மனையில் டிக்கெட் கொடுப்பதைப் பிற்பகல் 3.30க்கே நிறுத்திவிடுவார்கள். அப்படியென்றால் வேலை நாளில் அரண்மனை இல்லை, எவ்வளவு ஆசைப்பட்டாலும் இல்லை. பேர்போன பத்து இடம் என்று பட்டியல் எடுத்து வரிசைப்படி நாளுக்கு நாள் பிரிப்பதைவிட, மாலை ஆறு மணிக்குப் பிறகு திறந்திருப்பவை எவை, பகலில் மட்டும் பார்க்கக்கூடியவை எவை என்று இரண்டாகப் பிரித்தாலே உங்கள் திட்டத்தில் பாதி முடிந்துவிடும்.

போகும் வழி. புத்தளம், நீர்கொழும்பு வழியாக ஓடும் கொழும்பு பஸ் என்றால் கட்டுநாயக்கவிலேயே இறங்கலாம், கொழும்பு வரை போய்த் திரும்பத் தேவையில்லை. ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முறிகண்டியில் பஸ் எப்படியும் நிற்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்துவிட்டு இரண்டு சரை கச்சானும் வாங்கி வையுங்கள், விமான நிலையத்தில் தேநீர் விலை கேட்ட பிறகு அந்தக் கச்சானின் அருமை தெரியும். கொழும்பிலிருந்து பாங்கொக் மூன்றரை மணித்தியாலம் மட்டில். நம்மைவிட அவர்கள் ஒன்றரை மணித்தியாலம் முந்தி. நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானம் என்றால் அங்கே விடியற்காலையில் இறங்குவீர்கள், நித்திரை இல்லாமல்.

கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வவுனியா அலுவலகத்துக்கு இப்போதே ஓடுங்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட் எடுக்கும் கிழமையில் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்றை இணையத்தில் நிரப்பவேண்டும், இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத்தின் தளம் அல்ல. காசை டொலராகக் கொண்டுபோங்கள், நம்முடைய ரூபாயை அங்கே மாற்ற நினைக்கவேண்டாம். விமான நிலையத்தில் ரயில் ஏறும் கீழ்த்தளத்தில் உள்ள கவுண்டர்களில் மேலே கொடுப்பதைவிட நல்ல விலை கிடைக்கும். இ-சிகரெட் பழக்கம் இருந்தால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், தாய்லாந்தில் அது சட்டவிரோதம். அரச குடும்பத்தைப் பற்றி வாய்திறக்காமல் இருப்பதும் நல்லது, அதற்கும் கடுமையான சட்டம் இருக்கிறது. நம்முடைய பெரிய மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது, மாற்றி ஒன்று வேண்டும்.

காலநிலையை மட்டும் நம் ஊரை வைத்துக் கணிக்காதீர்கள். ஜூனில் இங்கே சோளகம் அடித்துப் புழுதி பறக்கும், குளம் வற்றிக்கொண்டு போகும். அங்கே அது மழைக்காலம். காலையில் வெயில் கொளுத்தும், பின்னேரம் சட்டென்று இருட்டிக்கொண்டு ஊற்றும், ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடும். திறந்தவெளியில் பார்ப்பதைக் காலையில் வையுங்கள், மடிக்கிற குடை ஒன்று பையிலேயே இருக்கட்டும்.

சரி, இனி ஊர்.

செவ்வாய் காலை இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டல் அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள், ஆனால் பையை வரவேற்பில் விட்டுவிட்டு வெளியே போகலாம். விமான நிலையத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு ரயிலில் வந்தால் பையோடு இடையில் இறங்கி மாறவேண்டும். டாக்ஸியே வசதி. மீட்டர் 35 பாத்தில் (பாத் என்பது தாய்லாந்துக் காசு) தொடங்கும், விமான நிலையத்தில் ஏறுவதற்கு மேலதிகமாக 50 பாத், அதிவேகப் பாதைக் கட்டணமும் நம்முடையது. ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் போனில் படமாக வைத்திருங்கள், காட்டினால் போதும். அன்றைக்கு அரண்மனைக்குப் போகும் யோசனை வேண்டாம். நித்திரை கெட்ட உடம்போடு அந்த வெயிலில் நின்றால் அடுத்த நாள் வேலை கெடும். பங்னா வரை ரயிலில் ஒருமுறை போய் மண்டபத்தின் வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு படுங்கள். மாலையில் சிட் லொம் நிலையத்தில் இறங்கினால் கீழே சந்தியிலேயே எரவான் சந்நிதி, நான்முகப் பிரமன். 1956இல் வைத்தது. நம் ஊரில் பிரமனுக்குக் கோயில் தேடிப் பிடிக்கவேண்டும், அங்கே பெரிய கடைத்தொகுதிகளுக்கு நடுவில், தலைக்கு மேலே ரயில் ஓட, அலுவலகம் விட்டு வருகிற பெண்கள் செவ்வந்தி மாலையோடு முழங்காலில் நிற்பார்கள். பார்க்க அரை மணித்தியாலம் போதும்.

கண்காட்சி நாட்களில் முதல் இரண்டு நாளுக்குள் முதலாளி கொடுத்த வேலையை முழுவதும் முடித்துவிடுங்கள். எந்த மெஷின், என்ன விலை, உதிரிப்பாகம் கொழும்பில் கிடைக்குமா, ஒரு கட்டம் மின்சாரத்தில் ஓடுமா மூன்று கட்டம் வேண்டுமா, எல்லாம் புதன், வியாழனில். இதற்கு இரண்டு காரணம். கடைசி நாள் மத்தியானத்துக்குப் பிறகு கடைக்காரர்களே கழற்றிக் கட்டத் தொடங்கிவிடுவார்கள், அப்போது யாரும் பொறுமையாகப் பேசமாட்டார்கள். மற்றது, விலை பேசிய கம்பனி "எங்கள் பக்டரியை வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டால் போக வெள்ளிக்கிழமை கையில் இருக்கும். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் கனக்க சமுத் பிரக்கான் மாகாணத்தில், பங்னாவுக்குத் தெற்கே இருக்கின்றன.

சமுத் பிரக்கான் என்றதும் ஒன்று சொல்லவேண்டும், இதைச் சுற்றுலாப் பட்டியல்களில் எங்கேயோ கீழே போட்டிருப்பார்கள். பங்னாவிலிருந்து நகரத்துக்கு எதிர்ப்பக்கம் நாலாவது நிலையம் சாங் எரவான். இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தால் எரவான் அருங்காட்சியகம். மூன்று தலை ஐராவதம், செப்புத் தகடுகளால் ஆனது. பீடத்தோடு சேர்த்து 40 மீற்றருக்கு மேல் உயரம். வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உள்ளே பாதாளம், பூலோகம், தேவலோகம் என்று மூன்று அடுக்கு. நடு மண்டபத்தின் கூரை முழுக்க நிறக்கண்ணாடி. அங்கிருந்து யானையின் வயிற்றுக்குள்ளேயே ஏறிப்போகலாம், அங்கே கருநீல வானமும் கோள்களும் தீட்டிய கூடத்தில் புத்தர் சிலைகள். அதே பாதையின் கடைசி நிலையமான கேஹாவிலிருந்து சிறிது தூரத்தில் முவாங் பொரான், பழைய நகரம் என்று ஒரு பெரிய திறந்தவெளிப் பூங்கா. தாய்லாந்தின் பல பகுதிகளில் உள்ள கோயில், அரண்மனைகளின் மாதிரிகளை ஒரே இடத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். சைக்கிளில் சுற்றலாம். சனி மத்தியானத்தோடு மண்டபத்தை விட்டு வெளியேறினால் இந்த இரண்டில் ஒன்றுக்கு நேரம் இருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் யானை, வெளித்திருந்தால் முவாங் பொரான். நகரத்துக்குள் போய் வரும் அலைச்சலும் இல்லை.

இனி மாலைகள். புதன், வியாழன், வெள்ளி மூன்றில் ஒன்றை வெறுமையாக விடுங்கள். கம்பனிக்காரர் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார்கள், அதுவும் வேலைதான். அவர்களுக்குக் கொடுக்கப் பனங்கட்டிக் குட்டான் இரண்டு மூன்று கொண்டுபோனால் நன்றாக இருக்கும். தாய்லாந்து ஆட்களுக்குப் பனைவெல்லம் தெரிந்த பொருள், ஓலைக் குட்டானை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஒரு மாலை சீலோம் வீதி மாரியம்மன் கோயில். 1870களின் கடைசியில் அங்கே குடியேறிய தமிழர் கட்டியது, பி.டி.எஸ் சுரசக் நிலையத்திலிருந்து நடக்கலாம். நம் கோபுரம்தான், நம் மூலஸ்தானம்தான், ஆனால் கும்பிட வருகிறவர்களில் பெரும்பகுதி தாய்லாந்துக்காரர். இளநீரும் பழமும் பூவும் வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஐயரிடம் நீட்டுவார்கள், ஐயர் திருநீறும் குங்குமமும் கொடுப்பார். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் அன்றைக்கே இதை வையுங்கள், சுற்றிவர இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. மற்ற நாட்களில் சைவம் வேண்டுமானால் மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட கொடியோ அட்டையோ தொங்கும் கடையைத் தேடுங்கள், 17 என்று எழுதியது மாதிரித் தெரியும். அந்தக் கடைகளில் மீன் சோஸ் சேர்க்கமாட்டார்கள். மற்றக் கடைகளில் "மரக்கறி மட்டும்" என்று சொன்னாலும் மீன் சோஸ் விழும்.

இன்னொரு மாலைக்கு என் தெரிவு பெரிய ஊஞ்சலும் யாவொராட்டும். அசோக் நிலையத்தில் இறங்கி, கீழே எம்.ஆர்.டி சுரங்க ரயிலுக்கு மாறி சம் யொட் போங்கள். அங்கிருந்து நடந்தால் சந்தி நடுவில் ஏழு மாடி உயரம் மதிக்கத்தக்க சிவப்புத் தேக்குத் தூண்கள் இரண்டு நிற்கும், ஊஞ்சல் பலகை இல்லாமல். ஒரு காலத்தில் இளைஞர்கள் அதில் ஆடி, உயரத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். விபத்துகள் நடந்ததால் 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே 1784இல் கட்டிய பிராமணர் கோயில். அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை காலத்தில் அங்கே நடத்தும் சடங்கில் நம்முடைய திருவெம்பாவை உருமாறிய உச்சரிப்பில் இன்றைக்கும் ஓதப்படுகிறது. நாம் மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமுமாகப் பாடிக்கொண்டு போகிற அதே பாட்டு. ஜூனில் அதைக் கேட்கமுடியாது, ஆனால் அந்தத் தூண்களுக்குக் கீழே நின்று அதை நினைத்துக்கொள்வதற்காகவே போகலாம். நன்றாக இருட்டும்முன் போங்கள். திரும்ப ரயில் ஏறி ஒரே ஒரு நிலையம், வட் மங்கொனில் இறங்கினால் சீனர் தெருவான யாவொராட். இரவுச் சாப்பாடு அங்கே, தெருவிலேயே.

ஞாயிறு முழுநாளும் ஆற்றுக்கு. வெள்ளென எழும்பி பி.டி.எஸ் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழே படகுத்துறை. மேசை போட்டுக்கொண்டு சுற்றுலாப் படகு டிக்கெட் விற்பவர்கள் கூப்பிடுவார்கள். செம்மஞ்சள் கொடிப் படகைக் கேளுங்கள், ஊர்ச்சனம் வேலைக்குப் போகிற படகு, எங்கே இறங்கினாலும் 16 பாத். நீளமான தகரக் குழாயைக் 'கலகல' என்று ஆட்டிக்கொண்டு நடத்துநர் வருவார், அதற்குள்ளேதான் சில்லறையும் டிக்கெட்டும். துறை நெருங்கும்போது பின்னால் நிற்கிற பெடியன் விசில் அடித்தே படகோட்டிக்கு வழி சொல்வான். கயிறு கட்டி முடியுமுன் ஆட்கள் குதித்துவிடுவார்கள், நீங்கள் அவசரப்படவேண்டாம்.

அரண்மனை 8.30க்குத் திறக்கும், அப்போதே உள்ளே நில்லுங்கள். நுழைவு 500 பாத், விலைதான். கண்காட்சிக்குப் போட்ட நீளக் காற்சட்டையும் சேர்ட்டும் போதும், அரைக் காற்சட்டைக்கு அனுமதி இல்லை. உள்ளே எல்லோரும் மரகத புத்தருக்கு முன் நெரிபடும்போது, நீங்கள் சுற்றுப்பிரகாரச் சுவரைப் பாருங்கள். 178 பகுதிகளாக முழு இராமாயணமும் தீட்டியிருக்கிறது. அதில் இலங்கை பொன் கோட்டை, இராவணன் பச்சை நிறம், அனுமன் வெள்ளை. இலங்கையிலிருந்து வந்தவர் என்று காவலாளிக்குச் சொன்னால் சிரிப்பார்.

வெளியே "இன்றைக்கு அரண்மனை பூட்டு, வேறு கோயில் காட்டுகிறேன், 20 பாத் தாருங்கள்" என்று ஒரு டுக்-டுக்காரர் நிச்சயம் வருவார். அவர் கடைசியில் கொண்டுபோய் விடுவது நகைக்கடையில். இரத்தினபுரி இருக்கிற நாட்டிலிருந்து போனவருக்கே நீலக்கல் விற்கப் பார்க்கிற துணிச்சல் அது. பூட்டா திறப்பா என்பதை வாசலில் நிற்கிற சீருடைக்காரரிடம் மட்டும் கேளுங்கள். அரச சடங்கு நாட்களில் உண்மையிலேயே பூட்டுவதும் உண்டு, முதல்நாள் இரவே அதிகாரபூர்வத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிறகு வட் போ கோயில், நடக்கிற தூரம். 46 மீற்றர் நீளச் சயன புத்தர். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி பதித்த 108 சின்னங்கள். முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறைக் குவளை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு ஆட்கள் நடக்கும் ஓசை மண்டபம் முழுக்க நிறைந்திருக்கும். அங்கிருந்து அக்கரைக்கு ஐந்து பாத் படகு, வட் அருண் கோயில். சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த கோபுரம். படிகள் செங்குத்து, மழை பெய்திருந்தால் மேலே ஏறாதீர்கள்.

ஞாயிறு அயுத்தயாவுக்குப் போகலாமா என்றும் நினைப்பீர்கள். 1350இல் தொடங்கி 1767இல் பர்மியப் படை அழித்த பழைய தலைநகரம், வடக்கே 80 கிலோமீற்றர் மட்டில், மூன்றாம் வகுப்பு ரயில் மிக மலிவு. நமக்குத் தொடர்பும் உண்டு. மதுரை நாயக்கர் வழிவந்த கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1753இல் பிக்குகளை வரவழைத்தது அங்கிருந்துதான். ஆனால் ஒரு நாள்தான் கையில் என்றால் நான் ஆற்றையே சொல்வேன். அயுத்தயாவில் நிழல் குறைவு, போய்வரவே நாலு மணித்தியாலம் போய்விடும். இரண்டு நாள் நிற்க விட்டால் தயங்காமல் போங்கள். சத்துசக் வாரச்சந்தையையும் இந்தப் பயணத்தில் விடலாம். ஊருக்குக் கொடுக்கச் சாமான் வேண்டுமென்றால் ஓன் நுட்டிலேயே பெரிய சுப்பர்மார்க்கட் இருக்கிறது, காய்ந்த மாம்பழமும் மூக்கில் வைத்து இழுக்கும் தைலக்குப்பியும் அங்கேயே மலிவாகக் கிடைக்கும்.

பையின் நிறையைக் கண்காட்சியிலிருந்தே கவனியுங்கள். ஒவ்வொரு கடையிலும் வழுவழுத் தாளில் தடித்த புத்தகம் தருவார்கள், பத்துக் கடை ஏறினால் ஐந்தாறு கிலோ. தேவையான பக்கத்தைப் போனில் படம் எடுத்து, விற்பனையாளரின் அட்டையை அதன் மேல் வைத்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டு புத்தகத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். திரும்பும் நாளில் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முந்தியே போங்கள். குடிவரவு தாண்டியதும் தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்துப் பாற்கடல் கடையும் பெரிய சிலைத்தொகுதி இருக்கிறது. அசுரர் பக்கம் நின்றால் கூட்டம் குறைவு, படம் நன்றாக வரும்.